வெள்ளை வந்தால் சின்னது, சிவப்பு வந்தால் பெரியது

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன்தான் நான். ஆனால் அதிசயம் நடந்தது என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எண்பதுகளின் கடைசியில், தர்மபுரிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பத்தாவதும் டைப்பிங்கும்தான் படிப்பு. யார் கரும்பை எந்த நாளில் வெட்டுவது என்ற பதிவு முழுக்க அந்த வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் இருந்தது. வெட்டு உத்தரவை அச்சடிக்கச் சொன்னால் பாதியில் உயிர் போன மாதிரி நின்றுவிடும். நகல் எடுத்த பிளாப்பிகளிலும் பூஞ்சை. ஏரியூரில் என் மனைவி சரோஜாவின் அண்ணன் கரும்பு பூத்துக் காய்ந்துகொண்டிருந்தது, அது போனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறில்லை, அவரைப் போல எத்தனையோ பேர் உத்தரவு கிடைக்காமல் ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெங்களூர் இன்ஜினியர் பஸ்ஸில் இரண்டு கவர் அனுப்பினார். ஒன்றில் ஒரே பிளாப்பி. இந்தக் கோளாறை மட்டும் சரிசெய்யும், சிஸ்டத்தின் பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறும். இன்னொன்றில் ஏழு. நடு எண்ணே மாறும், இந்தக் கோளாறோடு வேறு பலதும் சரியாகும், ஆனால் பதிவையெல்லாம் புதுசாக மாற்றி எழுதும். 'ஏதாவது ஒன்று போதும்' என்று கடிதம். எது என்று கேட்க டிரங்க் கால் போட்டால் மழையில் லைன் இல்லை.

"சின்னதப் போட்டு மறுபடி நின்னா? பெருசப் போட்டுப் பதிவே போயிட்டா?" என்றார் மேனேஜர்.

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க சார்."

"நான் சொன்னா என் தலைதான் உருளும். நீதானய்யா ஆபரேட்டர்!"

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, மாரியம்மன்கிட்ட பூக் கேட்டுடலாங்க," என்றாள் சரோஜா.

"மெசினுக்கா? ஊரே சிரிக்கும்."

"எங்கண்ணன் வூட்ல அழுவறாங்க. சிரிக்கறவங்க சிரிக்கட்டும்."

கோயிலில் அவளே ஒரு வெள்ளை அரளியும் ஒரு செவ்வரளியும் பறித்தாள். வெள்ளை வந்தால் சின்னது, சிவப்பு வந்தால் பெரியது. நான் திரும்பி நிற்க, தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்தாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை. தாயே என்று அங்கேயே விழுந்து அழுதேன்.

ஆலைக்குத் திரும்பி அந்த ஒற்றைப் பிளாப்பியைப் போட்டேன். அச்சு நிற்காமல் ஓடியது, மச்சான் பெயரும் வந்தது. ஏழு பிளாப்பி கவரை அரக்கு முத்திரைகூட உடைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

பத்து நாள் கழித்து இன்ஜினியர் வந்தார். பீரோவை நான்தான் திறந்தேன், முத்திரையை அவர்தான் உடைத்தார். நம்பினால் நம்புங்கள், நான்காவது பிளாப்பியின் உறைக்குள் ஒரு செவ்வரளி. வாடவில்லை, இப்போதுதான் பறித்தது மாதிரி, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"பிளாப்பிக்குள்ள யாராவது பூ வைப்பாங்களா? ஈரத்துல கெட்டே போச்சே!" என்று என்னைத் திட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரோஜா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க திரும்பி நின்னப்ப இன்னொரு வெள்ளயும் பறிச்சு, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதாங்க வச்சேன். பெருசப் போட்டா எல்லாம் போயிடுமோன்னு பயந்துட்டேன். செவப்பக் கோயில் கெணத்துல போட்டுட்டேங்க."

அதன் பிறகு அவள் பூக் கேட்கவே இல்லை. பெரியதை நாங்கள் தொடக்கூடாது என்று அம்மன் கெடுத்து வைத்தாளா, இல்லை, 'நான் கொடுக்க இருந்தது சிவப்புதான்' என்று எங்களுக்குக் காட்டினாளா, இன்றுவரை தெரியவில்லை. அன்று உறைக்குள்ளிருந்து அந்தப் பூவை நான்தான் கையில் எடுத்தேன். விரலெல்லாம் கிணற்றுப் பாசி வாசனை.