அன்னூர்ப் பக்கம் பவானித் தண்ணீர் பார்க்கப் போனது

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். கல்லூரித் தோழி செல்வியின் போன்தான் காரணம். அன்னூர் பக்கத்தில் விவசாயம் செய்கிறாள். ஊர்க் குளத்துக் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். "எங்க குளத்துக்கு பவானித் தண்ணி வந்துபோட்டுது அம்மணி, வந்து பாரு" என்றாள். ஆற்றில் உபரியாக ஓடும் தண்ணீரைக் குழாயில் ஏற்றி வறண்ட குளங்களுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. இந்தப் பக்கத்து மக்கள் விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கியது. பீளமேட்டில் லாரித் தண்ணீரில் குடித்தனம் நடத்தும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

காந்திபுரத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்னூரிலிருந்து ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். "ஏனுங்க, குளம் பாக்கவா கோயமுத்தூர்ல இருந்து வர்றீங்க?" என்று சிரித்த ஓட்டுநர், கரைக்கு வந்ததும் தானும் இறங்கி நின்று பார்த்தார்.

குளம் பாதி நிறைந்திருந்தது. ஆனால் கரையில் ஒரே சத்தம். அடுத்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அதே குழாயின் கடைசியில் இருப்பது அவர்கள் குளம். இங்கே வால்வு திறந்திருக்கும்வரை அங்கே தண்ணீர் எட்டுவதில்லை.

"தென்னையெல்லாம் கருகுதுங்க. ஒரு வாரம் அடைச்சுக் குடுங்க" என்றார் ஒருவர்.

"எங்களுக்கே பாதிதானுங்க நெறஞ்சிருக்குது!" என்று இந்த ஊரார் எகிறினார்கள்.

செல்வியின் கிணற்றில் அப்போதுதான் தண்ணீர் ஊற ஆரம்பித்திருந்தது. அவளும் மறுப்பாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் தன் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து, "அண்ணா, அவங்க ஊரு காஞ்சு கெடந்தா நம்ம கெணத்துல மட்டும் எத்தனை நாளைக்குங்க தண்ணி நிக்கும்? ஒரு வாரந்தானுங்க, குடுப்போம்" என்றாள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். செல்வி போன் செய்ய, திட்டத்து ஊழியர் வந்து வால்வை அடைத்தார்.

மதியம் சாப்பிடும்போது அடுத்த ஊரிலிருந்து வீடியோ வந்தது. வெடித்த மண்ணில் தண்ணீர் நுரைத்து ஓட, பெண்கள் பூத் தூவிக்கொண்டிருந்தார்கள். செல்வி திரும்பத் திரும்பப் பார்த்தாள். இவள் என் சிநேகிதி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கோவைக்குத் தண்ணீர்த் திட்டம் போடுகிறவர்கள் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிட முடியாது. நாம் குடிப்பதும் வேறெங்கோ இருந்து வருவதுதானே.

போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள். கரையில் கடை கிடையாது, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சேறு ஆழம், உள்ளே இறங்க வேண்டாம். முடிந்தால் இரண்டு குளங்களையும் பாருங்கள். செல்வி ஊரில் வால்வை மறுபடி திறந்தாயிற்று. ஒரு வாரம் முடியும் முன்பே, "எங்களுக்கு இப்போதைக்குப் போதுமுங்க, நீங்க தொறந்துக்குங்க" என்று போன் செய்தது அடுத்த ஊர்க்காரர்கள்தான்.