ஒற்றை மைக்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை இர்விங்கிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் அழைத்துப்போய், ஒரு பழைய மர அரங்கில் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்கக் கிராமியப் பாட்டுக் கச்சேரி கேட்டேன். எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. பாஞ்சோ, ஃபிடில், கித்தாரோடு ஐந்து பேர் ஒரே மைக்கை நெருக்கி நின்று பாடினார்கள். எனக்குப் பாளையங்கோட்டை சர்ச் ஞாபகம் வந்துவிட்டது.

அங்கேயும் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒரே மைக்தான். கொயர் மாஸ்டர் அம்மாவைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்.

“உன் சத்தம் எல்லாரையும் முழுங்கிருது, பின்னால நில்லும்மா.”

ஒரு வருஷம் பாதிப் பாட்டில் கரண்ட் போனது. முன்வரிசை ஓய்ந்துவிட, அம்மாவின் குரல் மட்டும் கனத்து எழுந்து ரோடுவரை போனது. டீக்கடையிலிருந்தவர்கள் கிளாஸோடு சர்ச் கேட்டுக்கு வந்து நின்றார்கள். கரண்ட் வந்ததும் மாஸ்டரே மைக்கை அணைத்துவிட்டு அம்மாவைப் பாடவிட்டார்.

இங்கே கடைசிப் பாட்டுக்கு ஐவரும் மைக்கை விட்டு மேடை விளிம்புக்கு வந்தார்கள்.

“இப்பத்தான் பாடுதாங்க,” என்றாள் அம்மா.

பல்லவியில் அரங்கமே சேர்ந்துகொண்டது. அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மெட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் பாடினாள். முன்னால் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. ஃபிடில் வாசித்த பெண் வில்லை எங்கள் வரிசையை நோக்கி நீட்டி, இன்னொரு தடவை என்று காட்டினாள்.