வெர்லீன் தனக்கென்று எடுத்த துப்பாக்கி

மிஸ் ஆட்டிக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது வெர்லீனின் செல்பேசி அடித்தது. செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். கை முழுக்கச் சோப்பு. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது மனிதரல்ல, இயந்திரம்.

"ராய்ஸ் டாக்கெட் என்ற கைதி வரும் வெள்ளிக்கிழமை விடுதலை செய்யப்படுகிறார். இச்செய்தியைக் கேட்டதை உறுதிசெய்ய உங்கள் நான்கு இலக்க எண்ணை அழுத்தவும்."

எண் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆறு வருடத்துக்கு முன்னால் நீதிமன்றத்தில் யாரோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணை அழுத்தும்வரை அந்த இயந்திரம் விடாது. அரை மணிக்கொரு தரம் கூப்பிடும். மதியத்துக்குள் எட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டது. அடித்தவன் வெளியே வருகிறான், அடிபட்டவள் அதற்கு ஒப்புதல் தரவேண்டுமாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மிஸ் ஆட்டிக்கு எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. "யாருடி அது, உன் வீட்டுக்காரனா?" என்றாள்.

"வீட்டுக்காரன் இல்ல மிஸ் ஆட்டி. விவாகரத்தாகி அஞ்சு வருஷமாச்சு."

"அது அவனுக்குத் தெரியுமா?"

வெர்லீன் சோப்பைக் கழுவினாள். துண்டை எடுத்து அவள் முதுகைத் துடைத்தாள்.

வெர்லீனுக்கு அறுபத்தொரு வயது. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தின் இந்த மலைப்பக்கத்தில் படுக்கையோடு கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சக்கர நாற்காலிக்கு மாற்றிவிட்டு வருவதுதான் அவள் பிழைப்பு. ஒரு நாளைக்கு நாலு வீடு, தொண்ணூறு மைல். ராய்ஸோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தினாள். ஜன்னல் திரைக்கு என்ன நிறம், எந்தக் கார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு எந்தச் செருப்பு, எல்லாம் அவன் எடுத்ததுதான். கடைசியில் சமையலறை வாசலில் வைத்து அவள் வலது மணிக்கட்டைத் திருகி முறித்தான். உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணியும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அண்டை வீட்டுக்காரர் வந்திருக்காவிட்டால் மணிக்கட்டோடு நின்றிருக்காது. கூண்டில் நின்றுகொண்டு அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "வெளிய வந்ததும் மிச்சத்தை முடிப்பேன்." அவன் சொன்னதைச் செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளை நெருங்கக் கூடாதென்று நீதிபதி கொடுத்த காகிதம் ஒன்று இருக்கிறது. போலீஸ் வண்டி இந்த மேட்டுக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். ஆகவே புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த கையோடு, அக்கா ஓபலைக் கூட்டிக்கொண்டு டெல்பர்ட்டின் கடைக்குப் போனாள்.

டெல்பர்ட் கடையில் ஒரு கோடியில் தூண்டிலுக்குச் சின்ன மீன் விற்பார்கள், மறு கோடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கி. நடுவில் நாலைந்து முக்காலிகள்; அதில் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அங்கேயே பிறந்தவர்களோ என்று தோன்றும். எங்கள் ஊரில் ஒருத்தர் துணிக்குள் மறைத்து வைக்கத் துப்பாக்கி பார்க்கிறார் என்றால் போதும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்ததுபோல ஆளாளுக்குக் கூடிவிடுவார்கள். வாய்க்கு வாய் ஒரு யோசனை.

"ரிவால்வர் எடு வெர்லீன். சுடும்போது குண்டு உள்ள சிக்காது."

"யோவ், அஞ்சு குண்டை வச்சு என்ன பண்றது? ராய்ஸ் என்ன முயலா?"

"எங்க வீட்டுக்காரி ரோஸ் கலர்ல ஒண்ணு வச்சிருக்கா. அழகா இருக்கும்."

"அழகா இருந்து என்ன, போட்டோ எடுக்கவா போறா?" என்றாள் ஓபல்.

டெல்பர்ட் பெட்டியைத் திறந்து உள்ளதிலேயே சின்னதை எடுத்தான். குழல் மேல் நகரும் மேலிரும்பைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, திறந்தபடியே அவளிடம் நீட்டினான். குளியல் சோப்பு அளவுதான் இருந்தது. "இது பொம்பளைங்களுக்குன்னே பண்ணது. இடுப்புல இருக்கறதே தெரியாது. கனமா இருந்தா நாலாம் நாள் வீட்டுல வச்சிட்டுப் போயிடுவ. வீட்டுல இருக்கற துப்பாக்கி யாருக்கு உதவும்?"

அந்தக் கடைசிப் பேச்சு நியாயமாகப் பட்டது. அதுவும் போக அன்றைக்கு அவள் மூன்று பேரைத் தூக்கி இறக்கியிருந்தாள், நிற்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள். அரசாங்கப் படிவத்தில் ஆமாம், இல்லை என்று டிக் போட்டாள். டெல்பர்ட் போனில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தான். பத்து நிமிடத்தில் சரியென்று பதில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஓபலின் மேய்ச்சல் நிலத்துக்குப் பின்னால், மண் திட்டில் காகிதத் தட்டை ஆணியடித்து வைத்துச் சுட்டுப் பார்த்தாள். சின்னத் துப்பாக்கி கையில் லேசு, ஆனால் உதை கழுதை உதை. கனமில்லாத இரும்பு அத்தனை உதையையும் அப்படியே கைக்குள் இறக்கிவிடும். முதல் குண்டுக்கே மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆறு திருகாணியும் தனித்தனியாக வலித்தது. தட்டில் ஓட்டை இல்லை. உள்ளே சிக்கிய தோட்டாவை எடுக்க மேலிரும்பை மறுபடி இழுக்கப் பார்த்தாள், அசையவில்லை. சின்னதாகச் செய்வதற்காக உள்ளே இருக்கும் சுருள்கம்பியை இறுக்கி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுடி!" என்றாள் ஓபல்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. மணிக்கட்டுதான் இல்ல."

சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதாள். அவன் முறித்த கையாலேயே அவனைத் தடுக்க வேண்டியிருக்கிறதே, அதற்கும் இந்தக் கை உதவாமல் போய்விட்டதே. விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஓபல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள். முக்காலிக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தன் வாயைத் திறந்து, "நான் அன்னிக்கே சொன்னேன், ரிவால்வர்..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு," என்றாள் வெர்லீன். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "முப்பத்தொரு வருஷம் என் செருப்பைக்கூட இன்னொருத்தன் எடுத்தான். இதையாவது நான் எடுக்கறேன். டெல்பர்ட், உள்ள இருக்கற எல்லாத்தையும் எடுத்து வை."

டெல்பர்ட் முகம் சிவந்து போனான். முந்தாநாள் விற்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று தானாகவே முணுமுணுத்தான். பன்னிரண்டு துப்பாக்கியைக் காலி செய்து வரிசையாக வைத்தான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேலிரும்பை இழுத்துப் பார்த்தாள். இழுக்க முடியாததை ஒதுக்கினாள். ஒன்பது மில்லிமீட்டர் குண்டு போடும் ஒன்று, சின்னதைவிட இரண்டு விரல் நீளம், கொஞ்சம் கனம், மேலிரும்பு எண்ணெய் போட்ட இழுப்பறைபோல வந்தது. கைப்பிடியில் சுண்டு விரலுக்கும் இடம் இருந்தது. முடி உலர்த்தவும் காப்பி ஊற்றவும் ஆறு வருடமாக இடது கைதானே என்று யோசித்தாள். இடது கையில் பிடித்துப் பார்த்தாள். நடுங்கவில்லை.

"இதை இடது இடுப்புல வைக்கற மாதிரி உறை இருக்கா?"

"இருக்கு, ஆனா யாரும் வாங்க மாட்டாங்க..."

"நான் வாங்கறேன். வெய்லன், கீழ படு."

வெய்லன் முக்காலிக்காரர்களிலேயே பெரியவன். நூற்றுப்பத்து கிலோ இருப்பான். "எதுக்கு?" என்று விழித்தான்.

"உனக்குப் பக்கவாதம் வந்திருக்கு. படு."

படுத்தான். காலித் துப்பாக்கியை உறையில் செருகி, மேலே தன் வேலைச் சட்டையை இழுத்துவிட்டு, தினமும் நோயாளியைத் தூக்குவதுபோல அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி முக்காலியில் உட்காரவைத்தாள். உறையைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்தபோது கைப்பிடி அவன் தாடையில் இடித்தது. "பல்லு போச்சு வெர்லீன்!" என்று கத்தினான். பக்கவாட்டில் வைத்தபோது குனிந்ததும் சட்டை ஏறிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். மறுபடி படு, மறுபடி எழுந்திரு. ஏழு தடவை. ஏழாவது தடவை இடிக்கவும் இல்லை, தெரியவும் இல்லை. வெய்லனுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. கடையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று மத்தியானமே மண் திட்டில் இடது கையால் சுட்டாள். ஓபல் தட்டை எடுத்து வந்து ஓட்டைகளை எண்ணிப் பார்த்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதே நேரத்தில் இருநூறு மைலுக்கு அப்பால் ராய்ஸ் சிறை வாசலைத் தாண்டியிருப்பான்.

இதில்தான் எங்கள் ஊர்க்காரர்களின் புத்தி தெரியும். துணிக்குள் மறைத்து வைக்கிற பொருள் அது. மறைவாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் ஊரே கூடிப் பார்த்துக் கைதட்டி எடுத்த பொருள் எப்படி மறைவாக இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சோளரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "கடைசியில எது எடுத்த வெர்லீன்? ஒன்பது மில்லியாமே? இடது பக்கமாமே? தட்டுல ஆறும் பட்டுச்சாமே?" என்று பாடகர் குழுவே விசாரித்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் புது அடுப்பு வந்தால் விசாரிப்பதில்லையா, அப்படித்தான். ஓபல் பல்லை நறநறவென்று கடித்தாள். "ஒரு ரகசியம் காப்பாத்தத் துப்பில்ல உங்களுக்கு!"

அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. டெல்பர்ட்டும் ராய்ஸும் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து மான் வேட்டைக்குப் போனவர்கள். அதை வெர்லீன் யாரிடமும் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டே தூங்காமல் கிடந்தாள். ராய்ஸ் அவள் வலது கையைத்தான் பார்ப்பான், இடது கையை எதிர்பார்க்க மாட்டான் என்பது ஒன்றுதான் அவளிடம் இருந்த பலம்.

மூன்று வாரம் அவன் கண்ணில் படவில்லை. அந்த மூன்று வாரமும் குளியலறைக்குப் போனாலும் குப்பை கொட்டப் போனாலும் அது இடுப்பில் இருந்தது. இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து தடித்துவிட்டது. கார் கதவைத் திறக்கும்போதெல்லாம் பின் இருக்கையைப் பார்த்தாள். ஒரு வீட்டில் பால் பாத்திரம் விழுந்த சத்தத்துக்குச் சட்டைக்குள் கை போய்விட்டது. வேலையைவிட இதுதான் ஆளைத் தின்றது.

நாலாவது வாரம், ஒரு காலை, நாற்சந்தி பெட்ரோல் பங்கில் நின்று வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தத்திலேயே யாரென்று தெரிந்தது. குழாயை எடுத்து மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

ராய்ஸ் இளைத்திருந்தான். தாடி முழுக்க வெள்ளை.

"அங்கயே நில்லு," என்றாள்.

நின்றான். பத்தடி இருக்கும். "பெட்ரோல் போட வந்தேன். அதுக்கும் நீதிபதிகிட்ட கேக்கணுமா?"

அவன் கண் அவள் வலது கையைப் பார்க்கவே இல்லை. நேராக இடது இடுப்புக்குப் போய் நின்றது. "இடது கைக்கு மாறிட்டியாமே. டெல்பர்ட் சொன்னான்."

இருந்த ஒரே மறைவும் போயிற்று.

"தட்டுல ஆறுக்கு ஆறு அடிச்சியாமே," என்றான். சிரித்தான்; ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை.

"அஞ்சு," என்றாள் வெர்லீன். பொய் சொல்லவும் தெம்பில்லை. "ஒண்ணு தள்ளிப் போச்சு."

"எவ்வளவு?"

"கொஞ்சம் கீழ."

ராய்ஸின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: டெல்பர்ட் உளறியது இவன் காதில் ஏறியிருக்கிறது. எத்தனை குண்டு, எந்தக் கை, எத்தனை தூரத்தில் எத்தனை படும், எல்லாம் தெரிந்ததனால்தான் இவன் பத்தடியில் நிற்கிறான். தெரியாமல் இருந்திருந்தால் இந்நேரம் பக்கத்தில் வந்திருப்பான்.

"உன் மணிக்கட்டுக்கு ரிவால்வர்தான் எடுத்திருக்கணும்," என்றான். "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கல."

ராய்ஸ் காறித் துப்பிவிட்டு டிரக்கில் ஏறினான். பெட்ரோல் போடவே இல்லை. "பாக்கலாம் வெர்லீன்," என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் 'பாக்கலாம்' என்பதில் அவசரமே இல்லை.

காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஓபலுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"பயந்துட்டான்டி! பயந்து ஓடிட்டான்!" ஓபல் குதித்தாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப முடிஞ்சுதுல்ல? இனிமே அந்தச் சனியனைக் கழட்டி வச்சிட்டு நிம்மதியா இரு."

"கழட்டினா அதையும் டெல்பர்ட் அவன்கிட்ட சொல்லுவான் அக்கா."

மறுமுனையில் ஓபல் நாற்காலியை இழுத்து உட்காருவது கேட்டது.

"அவனுக்கு இப்ப அறுபத்து நாலு," என்றாள் வெர்லீன். "அவங்க அப்பா தொண்ணூத்தி மூணு வரைக்கும் இருந்தாரு. கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சாரு."

மணி ஒன்பது பத்து. மிஸ் ஆட்டி குளிக்கக் காத்திருப்பாள். வெர்லீன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.