அத்தை போட்ட சீனியவரை வத்தல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு பங்குனி மாதம் எங்கள் தெருவில் சீனியவரைக்காய் இல்லாத வீடே கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் கொத்தவரங்காய் என்பதைத்தான் திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் அப்படிச் சொல்வோம். எங்கள் வீட்டுப் புறவாசலில் நான்கு பாத்தி நிறைய அது காய்த்துத் தள்ளியது. முதல் வாரம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தபோது சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் நான் முறத்தோடு வருவதைப் பார்த்ததும் எதிர்வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

வீட்டில் அதே காய் பொரியலாக, கூட்டாக, புளிக்குழம்பாக வேஷம் மாற்றிக்கொண்டு தினமும் வந்தது. அப்பா மில்லுக்குக் கொண்டுபோகும் தூக்குச்சட்டியிலும் அதுதான், என் பள்ளிக்கூட டப்பாவிலும் அதுதான். ஒருநாள் அப்பா என் மாமாவிடம், "மாப்ளே, ஒம்ம வீட்டுக்காரி வெளைய வச்சதத் தின்னு தின்னு நான் பச்சையாப் போயிருவேன் வே" என்றார். மாமா சிரிக்காமல், "எங்க வீட்லயும் அதான்" என்றார்.

காய்க்குச் சொந்தக்காரி என் அத்தை, அப்பாவின் தங்கை. மாமாவும் அப்பாவும் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். அத்தையும் மாமாவும் இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அங்கே ஒரு துளசிச் செடி வைக்கக்கூட மண் கிடையாது. எங்கள் புறவாசலோ வாய்க்கால் வரைக்கும் சும்மா கிடந்தது. தை பிறந்ததும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அத்தை அதைக் கொத்தி விதை போட்டாள்.

அத்தைக்குக் கைராசி உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். முருங்கைக் கொம்பு ஊன்றுவதென்றால் நாலு வீடு தள்ளியிருந்துகூட அவளைக் கூப்பிட்டுப் போவார்கள். அதே ஆட்கள் வீட்டில் வளைகாப்பு என்றால் அவளைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை நாள் தள்ளிப்போய், ஆசையாக வெளியில் சொல்லி, சொன்ன வாரத்திலேயே கலைந்துபோனது. ஊரே வந்து ஆறுதல் சொன்னதில் அவள் பட்டது கொஞ்சமல்ல. அந்தப் பங்குனியில் மூன்றாவது தடவையாக அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிற வரைக்கும் மாமாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருந்தாள். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டாள் என்பதுதான். அதுவரை இரண்டு குடத்தில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றியவள், "நீ மொண்டு ஊத்து பிள்ள, நான் பைய காய் பறிக்கேன்" என்று ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. மாடிப்படியில் அவள் நின்று நின்று ஏறுகிற அழகைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

தின்று தீர்க்க முடியாது என்றானதும் அம்மாவும் அத்தையும் வத்தல் போட ஆரம்பித்தார்கள். காயைக் காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, புளித்த மோரில் ஊறப்போடுவார்கள். காலையில் மோரை வடித்து மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் அள்ளித் திரும்பவும் அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றுகிற வரைக்கும் இதுதான் நடக்கும். பிறகு கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கிற மாதிரி காய்ந்தால் டப்பாவில் போட்டு மூடலாம். வருடம் முழுவதும் எண்ணெயில் பொரித்துச் சாப்பிடலாம்.

இதற்கு அம்மா இரண்டு சட்டம் வைத்திருந்தாள். ஈரக்கையோடு யாரும் வத்தலைத் தொடக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. மாதவிலக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தூரமானவள் கை பட்டால் ஒரே ராத்திரியில் பூசணம் பிடித்துவிடும் என்பதில் அம்மாவுக்கும் அத்தைக்கும் துளி சந்தேகம் கிடையாது. எனக்கும்தான். தூரம் என்பது பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை வருகிற ஏதோ ஒரு சீக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை போட்ட வத்தல் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய வந்தது. அதில் பாதி அத்தைக்கு. அவள் உடனே எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பங்குனி உத்திரம் கழித்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். டப்பா எங்கள் அடுக்களையில் என் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

பொரிக்காத வத்தலை அப்படியே வாயில் போட்டு ஊறவைத்தால் உப்பும் புளிப்புமாக நாக்கில் இறங்கும். முதலில் இரண்டு எடுத்தேன். பிறகு பாவாடையில் முடிந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எந்தக் காய்க்காக என்னைக் கேலி செய்தார்களோ அதே காயை வத்தலாகக் கொடுத்ததும் பிள்ளைகள் என் பின்னாலேயே வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் டப்பாவில் ஒரு சாண் இறங்கிவிட்டது.

அம்மா பார்த்தால் தோலை உரித்துவிடுவாள். நான் யோசித்தேன். மாடியில் இரண்டாவது தடவை போட்ட காய் மலைபோலக் குவிந்து கிடந்தது. காய ஆரம்பித்து ஒருநாள்தான் ஆகியிருக்கும், உள்ளே மோர் ஈரம் அப்படியே இருந்தது. அதில் இரண்டு முறம் அள்ளிவந்தேன். டப்பாவில் மிச்சமிருந்த காய்ந்த வத்தலை வெளியே எடுத்து, ஈரக்காயை அடியில் கொட்டி, காய்ந்ததை மேலே பரப்பி மூடினேன். டப்பா பழையபடி நிறைந்துவிட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. பங்குனி உத்திரத்துக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். அத்தை வரவில்லை. பஸ் குலுக்கலுக்குப் பயந்திருக்கிறாள். நான் அதையும் சோம்பேறித்தனக் கணக்கில்தான் சேர்த்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது வத்தலைக் காயவைத்து எடுத்தவள், அதில் கொஞ்சத்தை அந்த டப்பாவின் மேலேயே கொட்டி அமுக்கி மூடியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் அம்மா டப்பாவைத் திறந்தாள். ஒரு மாதிரி வாடை வந்தது. கையை விட்டுக் கிளறினால் அடியில் எல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். அந்த நேரம் பார்த்து அத்தை புறவாசல் வழியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. உள்ளே வராமல் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துகொண்டாள். அம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்.

"ஏளா, இந்தக் கூத்தப் பாத்தியா? நேத்து இதத் தொட்டவ நீதான?"

"ஆமா மைனி."

"தூரத்தோட தொட்டியா? உள்ளதச் சொல்லு."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "தொட்டப்ப இல்ல மைனி. சாயங்காலந்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "எங் கைதான் மைனி. எங் கை பட்டா எதுதான் தங்குது" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஒரு காய்க்காக இவ்வளவு பெரியவள் இப்படி அழுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவும் திகைத்துப்போய், "விடுளா, காய்தான, செடியில இன்னும் கெடக்கு" என்றாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அம்மாவின் கையைப் பார்த்தேன், அந்தக் கை என் முதுகில் எப்படி விழும் என்பதும் எனக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிட்டேன். அத்தை தானாகவே பழியை ஏற்றுக்கொண்டுவிட்டாள், இனி நான் எதற்கு என்று சமாதானம் செய்துகொண்டேன். தப்பித்ததற்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாகக்கூட நேர்ந்துகொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தேங்காய்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மாமா வந்து, உத்திரத்தன்று சாயங்காலம் மூன்றாவதும் கலைந்துபோன விஷயத்தை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னார். அம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினாள். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுததாகப் பின்னாளில் என்னிடம் சொன்னாள். தான் கேட்ட கேள்விக்காக அம்மா கடைசி வரைக்கும் வருந்தினாள். ஆனால் வத்தல் கெட்டது அத்தையின் கையால்தான் என்பதை அவளும் மாற்றி நினைத்ததில்லை. அப்படி இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

அத்தை அதன் பிறகு எங்கள் புறவாசலுக்கு வரவில்லை. காய்கள் செடியிலேயே முற்றி நாராகிப் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். அடுத்த வருடம் முருங்கைக் கொம்பு ஊன்றக் கூப்பிட வந்தவர்களிடம் அத்தை, "எங் கை வேண்டாம், வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை ஊரில் யாரும் அவளை ஒதுக்கவில்லை, அவளே ஒதுங்கிக்கொண்டாள். பிறகு நாள் தள்ளிப்போகவே இல்லை. என் கல்யாணத்தில் தாலித் தட்டை எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தபோது, வரிசையில் அவள் முறை வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா இரு" என்று வாயால் மட்டும் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு ஏதோ உறைத்தது. அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டு மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன்.

தெரிந்த பிறகும் சொல்வதற்கு எனக்குப் பல வருடம் ஆனது. போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை வீட்டில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு வத்தல் கொண்டுபோனது, ஈரக்காயை அடியில் கொட்டியது, கதவுக்குப் பின்னால் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எம் மனசு ஆறட்டும்னு சொல்லுத. எனக்குத் தெரியாதா?"

"நெசமாத்தான் அத்தை. சத்தியமா."

"ஒம்போது வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு சூது ஏது பிள்ள? ஒனக்கு நல்ல மனசு. காப்பி ஆறுது, குடி."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவளுக்கு என் மேல் பிரியம்தான் கூடியது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அம்மா என்னை அடித்திருப்பாள், அத்தை என்னை நம்பியிருப்பாள். ஒன்பது வயதில் எனக்கு முதலாவது மட்டும்தான் தெரிந்தது.