மட்டந்தட்டாத நானூறு

எறிக் பென்சிலின் கூரைப் பார்ப்பதில்லை. அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சிவப்பு அழிறப்பரைத்தான் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அது தேய்ந்திருந்தால் அன்றைய ஆட்டத்தைப் பதிய அவருக்குப் பயம். இன்று புதிது. டூங்கபி மைதானத்துக் கம்பிவலைக்குப் பின்னே மடக்குக் கதிரையை விரித்து, பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்கிறார்.

ஆறு நாள் பஸ் சாரதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளூர் பேஸ்போல் அணியின் பதிவாளர். பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். மட்டைக்காரர் சுத்தமாக அடித்து முதல் தளம் சேர்ந்தால் ‘அ’ என்று எழுதுவார்: அடி. எதிரணி பந்தைக் கோட்டைவிட்டதால் சேர்ந்தால் ‘பி’: பிழை; அது மட்டைக்காரரின் தடவைக் கணக்கில் ஏறும், அடிக் கணக்கில் சேராது. பிழைக்கு ஆங்கிலத்தில் இடும் ‘E’தான் அவருடைய பெயருக்கும் முதல் எழுத்து. “ஊரார் விடுற பிழைக்கெல்லாம் நான் ஏன் கையெழுத்துப் போடுவான்?” என்பார். அணி முழுக்க அந்த இரண்டு எழுத்தையும் படித்துவிட்டது. தமிழ் தெரியாத பயிற்சியாளர்கூட நல்ல அடி விழுந்தால் “ஆ! ஆ!” என்று கத்துவார்.

ஒரு பலவீனம் உண்டு. யாராவது வந்து, “அங்கிள், ஒருக்கா யோசியுங்கோ” என்றால் யோசிப்பார். அழிப்பார். ‘பி’ இருந்த இடத்தில் ‘அ’ வரும். மற்ற அணிக்காரர் வந்து யோசிக்கச் சொன்னால் மறுபடி ‘பி’ வரும். சில கட்டங்களில் தாள் ஓட்டை விழுந்திருக்கிறது. இதை இரக்கம் என்பவர்கள் உண்டு. ஒரு தீர்ப்போடு தனியே இருக்க முடியாத பயம் என்றும் சொல்லலாம்.

பக்கத்துக் கதிரை தேவராஜாவுடையது. புலம்பெயருமுன் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பதிவாளராக இருந்தவர். தேநீர்ப் போத்தலோடு வந்து, ஆட்டத்தைவிட எறிக்கையே அதிகம் பார்ப்பவர்.

“உங்கட விளையாட்டிலை சூரன்ரை சராசரியே புள்ளி நாலோ? எங்கட பதினோராவது ஆளே ஏழு வைச்சிருந்தவன்!”

“அண்ணை, அது ஓட்டக் கணக்கு. இஞ்சை பத்துத்தரம் நிண்டு நாலுதரம் சுத்தமா அடிக்கவேணும். புள்ளி நாலு பூச்சியம் பூச்சியம், அதைத்தான் நானூறு எண்டுறது. அமெரிக்காவின்ரை பெரிய லீக்கிலை நாப்பத்தொண்டுக்குப் பிறகு ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை.”

பிறகு, தேவராஜா கேட்காமலே, அதைக் கடைசியாக எட்டிய டெட் வில்லியம்ஸின் கதை வரும். 1941, பருவத்தின் கடைசி நாள் காலை. சராசரி 0.39955. மட்டந்தட்டினால், அதாவது மூன்று தசம தானத்துக்குக் கிட்டிய எண்ணாக்கினால், நானூறு. ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். மனிதர் இரண்டு ஆட்டமும் ஆடினார், எட்டில் ஆறு அடித்தார், நானூற்றாறு! “மட்டந்தட்ட விடேல்லை அண்ணை, விடேல்லை!” என்று சொல்லும்போது எறிக்குடைய குரல் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இடத்தில் உடையும்.

“நான் உன்னைத் தட்டுற மட்டத்துக்கு நீ எப்பவோ நானூறாகியிருக்கவேணும்” என்பார் தேவராஜா.

பத்தொன்பது வருடத்தில் அந்த எண்ணை எறிக் தன் புத்தகத்தில் எழுதியதில்லை. இன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், கடைசிச் சுற்றில், அது வந்து நிற்கிறது. டில்ஷா, இங்கேயே பிறந்த இருபத்தாறு வயதுத் தாதி, எழுபத்தைந்து தடவை மட்டை பிடித்து முப்பது அடி. மட்டந்தட்டவே தேவையில்லை. சரியாக நானூறு. எறிக் நான்குமுறை வகுத்துப் பார்த்துவிட்டார்.

அவளுடைய முறை இன்னும் ஒன்று இருக்கிறது. வேறு ஆளை இறக்கட்டுமா என்று பயிற்சியாளர் அவளிடமே கேட்கிறார். டில்ஷா வலைக்கு இந்தப்புறம் திரும்புகிறாள்.

“அங்கிள், என்ன செய்யட்டும்?”

‘இறங்காமல் இரு பிள்ளை’ என்பது எறிக்குடைய நாக்கின் நுனிவரை வந்து நிற்கிறது. அது அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

“எவ்ரி சண்டே அந்தக் கதையைச் சொல்லிப்போட்டு, இப்ப என்னை இருக்கச் சொல்லுறீங்களோ? நோ வே!”

சிரித்துக்கொண்டே மட்டையைத் தூக்கிப் போகிறாள். முதல் பந்தை விட்டாள். இரண்டாவதும் போனது. மூன்றாவது பந்தில் மட்டை படீரென்றது! பந்து புல்லைச் சீவிக்கொண்டு, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்றவனிடம் நேரே பாய்ந்தது. கையுறைக்குள் போனது. போய், ஒரு கணம் இருந்து, நழுவி விழுந்தது. அவன் குனிந்து பொறுக்கி எறிவதற்குள் டில்ஷா முதல் தளத்தை மிதித்துவிட்டாள்.

“ஆ! ஆ! ஆ!” பயிற்சியாளர் தொப்பியைச் சுழற்றுகிறார். அணி முழுக்க வலையைப் பிடித்து உலுக்குகிறது. தேநீர் கவிழ்ந்தது தெரியாமல் தேவராஜா எழுந்து நிற்கிறார், புள்ளி நாலை ஒரு வருடமாகப் பழித்த அதே தேவராஜா.

“எழுதடா எறிக்கு! ‘அ’ எண்டு எழுது! அந்த வேகத்துக்கு ஆர் பிடிப்பான்?”

எறிக் புத்தகத்தைப் பார்க்கிறார். ‘அ’ என்றால் நானூற்றெட்டு. ‘பி’ என்றால் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. பந்து கையுறைக்குள் இருந்த அந்த ஒரு கணத்தை வலைக்கு இந்தப்புறம் அவரைத் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முதல் தளத்தில் டில்ஷா முழங்காலில் கைகளை ஊன்றி, மூச்சு வாங்கியபடி, அவரையே பார்த்து நிற்கிறாள்.

“என்னடா யோசிக்கிறாய்? பிறகு அழிக்கலாம்தானே!” என்று உள்ளங்கையை அவர் முன்னே நீட்டுகிறார் தேவராஜா.

எறிக் பென்சிலைத் திருப்பி, சிவப்பு அழிறப்பரைப் பல்லால் கடித்துப் பிடுங்கி, நீட்டிய அந்த உள்ளங்கையில் வைத்தார். பிறகு குனிந்து, தாளில் பதியும்படி அழுத்தி, ‘பி’ என்று எழுதினார்.