சந்தனம் அடைத்த துப்பாக்கி

எங்கள் சித்தப்பா பேய்க்குப் பயப்பட மாட்டார், பிரெஞ்சு போலீசுக்கும் பயப்பட மாட்டார். ஈரத்துக்கு மட்டும் பயப்படுவார். அவரிடம் இருந்தது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சிறு குமிழ், அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. குமிழ்மேல் கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை மாட்டி விசையை இழுத்தால், பொறி துளை வழியாகப் போய் மருந்தைப் பிடிக்கும். துளை அடைத்துக்கொண்டால் அது வெறும் உலக்கைதான்.

பாகூர் ஏரியில் தண்ணீர் ஏறும் மழைக்காலத்தில்தான் அவருக்கு வேட்டை. சுட்ட துப்பாக்கியை ஒரு ராத்திரி அப்படியே வைத்தால் உள்ளே படிந்த கரி ஈரத்தைக் குடித்துத் துரு ஏறிவிடும். அதனால் வீடு திரும்பியதும் அவருக்குச் சோறு வேண்டாம், வெந்நீர் வேண்டும். சின்னம்மா சொம்பு சொம்பாகக் குழாயில் ஊற்றுவாள். கறுப்பாக வரும் தண்ணீர் தெளியும்வரை அலசி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து எண்ணெய் போடுவார். கட்டினவள் தலைக்கு ஒருநாளாவது இப்படி எண்ணெய் வைத்ததுண்டா என்று என் அம்மா அவரைக் கேட்பாள். அவர் காதில் விழாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் வெறும் கேப்பை மாட்டிச் சுட்டுப் பார்த்தார். குழாயின் வாய்க்கு நேரே கிடந்த சருகு அசைந்தது. துளை சுத்தம் என்று திருப்திப்பட்டு, ஏர், அரிவாள், மண்வெட்டியோடு துப்பாக்கியையும் பூஜையில் வைத்தார். விஜயதசமி அன்று அதை எடுத்து முதல் வேட்டுப் போட்டு, அதில் ஓர் உயிர் விழுந்தால்தான் அந்த வருஷ வேட்டை விளங்கும் என்பது அவர் கட்சி.

சின்னம்மாதான் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள். துப்பாக்கியிடம் வந்ததும் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்து, அந்தத் துளைக்குள் சந்தனத்தைக் குத்திக் குத்தி இறக்கினாள். துப்பாக்கிக்கு நெற்றி அங்கேதான் இருக்கும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஏழு வயது.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா மருந்து கெட்டித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லைக்குப் போனார். கரும்பு ஓரத்தில் முயல் ஒன்று உட்கார்ந்திருந்தது. விசையை இழுத்தார். கேப்பு மட்டும் டப்பென்றது. இன்னொரு கேப்பை மாட்டினார், அதுவும் அப்படியே. முயல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகக் கரும்புக்குள் போயிற்று.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் கிடத்தி, குமிழ்மேல் முகம் குனிந்து ஊசியால் துளையைக் குத்தத் தொடங்கினார். மருந்தும் ரவையும் உள்ளேயே இருந்தன. அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பக்கத்து ஊரில் ஒருவருக்கு இப்படித்தான் ஒரு கண் போயிருந்தது. அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"தம்பி, மொகத்த தூர வெச்சிக்கோ. உள்ள பொறி கிறி தங்கியிருக்கப் போவுது."

"ஒண்ணும் ஆவாது அண்ணி. இன்னாமோ அடச்சிகினு கீது."

ஊசி முனையில் மஞ்சளாக ஒட்டி வந்ததை முகர்ந்து பார்த்தார்.

"எவ அவ, இதுல போயி சந்தனத்த அப்பனது?"

"நாந்தான்" என்றாள் சின்னம்மா.

"பொட்டு வெக்கச் சொன்னா பூசி மெழுவுவியா? தூரப் போ." மறுபடியும் குனிந்தார்.

சின்னம்மா தூரப் போகவில்லை. அடுப்பிலிருந்து வெந்நீர்ச் சொம்போடு வந்தாள். குழாயின் வாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அதற்கு நேர் எதிரே நின்று, அப்படியே உள்ளே ஊற்றினாள். "வாய்க்கு நேரா நிக்காதடி" என்று அம்மா ஓடினாள். சின்னம்மாவின் கை நடுங்கிப் பாதி வெந்நீர் புடவையில் கொட்டியது. சொம்பு காலியாகும்வரை அவள் நகரவில்லை.

"மருந்தெல்லாம் பூட்ச்சி" என்று சித்தப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் புகுந்து சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள், காதில் ஏதோ கேட்டாள். சின்னம்மா தலையாட்டிவிட்டு அழுதாள்.

"தம்பி, இந்த வருசம் உன் கையால ஒரு உசுரும் போவக் கூடாது. தொடச்சி மேல மாட்டு."

ஓங்கின கை இறங்கியது. அவர் நனைந்த மருந்தைச் சுரண்டி எடுத்து, குழாயை அலசி, எண்ணெய் போட்டு, பரணுக்குக் கீழே மாட்டினார். மழைக்காலம் முழுக்கச் சுடாத துப்பாக்கியையே இறக்கி இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குத் தண்டனை கொடுத்துவிட்டாள் என்று எனக்கு அவர்மேல் பரிதாபம்.

வைகாசியில் சின்னம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது என்பார்கள். அதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குத் தங்காமல் போயிருந்தது. இரண்டு தடவையும் வாய்விட்டுச் சொன்ன கையோடு போயிற்றாம். அதனால் மூன்றாவது தடவை புருஷனிடம்கூடச் சொல்லாமல், சொல்ல வேண்டியதைச் சந்தனமாக அந்தத் துளையில் அடைத்திருக்கிறாள். அடைத்தது அவர் கண்ணையே வாங்கிவிடும் என்று தெரிந்தபோது, காப்பாற்ற நினைத்த வயிற்றையே குழாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு விளங்க எனக்கே ஒரு பிள்ளை வயிற்றில் வர வேண்டியிருந்தது. அன்று கதவிடுக்கில் நின்று பார்த்த நான், சொம்பு சுட்டுத்தான் சின்னம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். பிடித்துக்கொள்ளத் துணி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.