மகன் மேல் செய்த சத்தியம்

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். இதைச் சொல்ல இப்போது கூச்சம் இல்லை. அப்போது நிறைய இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, வெள்ளானூர் ஃபிளாட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் பாடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்கிற சின்ன இடம். கடைந்து வருகிற இரும்பு வளையங்களைச் சரிபார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போடுவதுதான் எங்கள் மேஜையின் வேலை.

முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாக்கா, நீ இன்னா படிச்சிக்கீற?" என்று கேட்டாள்.

பி.எஸ்சி. என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

"சரி உடு, கத்துக்கலாம்."

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் அக்கா என்று அழைக்கிறவர்கள் நீ என்று பேசமாட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கான்னும் சொல்றே, நீன்னும் சொல்றே. ரெண்டுல ஏதாவது ஒண்ணு வச்சுக்கோ" என்று சொல்லியே விட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்கன்னு நான் சூப்ரைசரத்தான் சொல்லுவேன். உன்னியும் அந்தாளியும் ஒண்ணா வெக்கச் சொல்றியா?" சூப்பர்வைசரோடு ஒரே வரிசையில் நிற்க எனக்கும் விருப்பமில்லை.

அவள் வெள்ளானூரிலேயே பிறந்தவள். எங்கள் ஃபிளாட் நிற்கிற இடத்தில் முன்பு அவளுடைய அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். "உங்க லிப்ட்டு கீது பாரு, அங்க எங்கம்மா முட்டி வரிக்கும் சேத்துல நின்னுச்சு. நீ செருப்புகூட நனையாம ஏறிப் போற" என்று கிண்டல் செய்வாள். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

வேலை என்னவோ எளிதுதான். கேஜ் என்று ஒரு சின்ன உருளை. அதன் ஒரு முனை வளையத்துக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நான் நுழைய வேண்டிய முனையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவேன், போய்விடும். நல்ல தட்டில் போடுவேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளாதக்கா. போவணும்னு நீ ஆசப்பட்டா அது போவும். அதுவா போவுதான்னு பாரு."

மூன்றாவதாக ஒரு தட்டும் இருந்தது. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாதவை அதில் கிடக்கும். வேலை முடிவதற்குள் அந்தத் தட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அடுத்த ஷிப்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது. ஒரு சனிக்கிழமை, பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில், அந்தத் தட்டில் கிடந்த அத்தனையையும் நல்ல தட்டில் கவிழ்த்துவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை வந்தால் எல்லாம் பெட்டியில் போயிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிட்டாள். நானும் மறைக்கவில்லை. ஆனால் அவள் அதோடு விடவில்லை.

"வா, சூப்ரைசராண்ட போலாம். நீயே சொல்லு."

"நீ சொல்லேன், எனக்குப் பயமா இருக்கு."

"நான் சொன்னா போட்டுக்குடுத்தா மாறி ஆவும். நீ சொன்னா இன்னிக்கோட முடிஞ்சுது."

அந்த ஆள் பத்து நிமிடம் கத்தினார். பெட்டிகளைத் திரும்பப் பிரித்துக் கொட்டினார்கள். அவள் தன் வேலையையும் விட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுவதும் என்னோடு நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஏழு வளையங்கள் கெட்டவை. சாயங்காலம் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வேர்க்கடலை தின்றுகொண்டு வேறு ஏதோ பேசினோம். அவமானம் என்பது இவ்வளவு சீக்கிரம் முடிகிற விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் பட்ட மற்ற அவமானங்களை எல்லாம் வருடக்கணக்கில் மூடி வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

சேர்ந்த இரண்டாவது வருடம், தீபாவளிக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேஸ் என்றாள். முதுகில் வலி என்றாள். ஆள் பாதியாகிவிட்டாள். பொங்கல் முடிந்து நான் கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது, வேன் ஓட்டுகிற அவள் கணவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். கணையத்தில் புற்றுநோய். முற்றிவிட்டது. டாக்டர் ஒரு மாதம், போனால் ஒன்றரை மாதம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"அதாண்ட அல்சர்னு சொல்லி வெச்சிக்கீறோம். உன்னாண்டதான் அது மனசு உட்டுப் பேசும். சொல்லிடாதக்கா. உன் புள்ள மேல சத்தியம் பண்ணு."

செய்தேன். அவர் கையில் என் கையை வைத்து, என் ஒரே மகன் மேல் சத்தியம் செய்தேன். அது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்கு நுரையீரலில் வந்தபோது கடைசி வரை சளி என்றே சொன்னோம். அதுதான் பாசம் என்று நினைத்தோம். அவருக்குத் தெரிந்தே இருந்ததோ என்னவோ, நாங்கள் யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. சளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

அவளுக்குப் பத்தாவது படிக்கிற ஒரு மகள். மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு. வீட்டில் இருந்தால் படிப்பு கெட்டுவிடும் என்று, திருநின்றவூரில் இருக்கும் அத்தை வீட்டில் அப்பா கொண்டுபோய் விட்டிருந்தார். அங்கிருந்து ரயிலில் ஆவடிக்குப் பள்ளிக்கு வந்து, அதே ரயிலில் திரும்பிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவோடு அரை மணி நேரம். அந்தப் பெண்ணிடமும் அம்மாவுக்கு அல்சர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம், அம்மா தேறியிருப்பாள் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது அவள் தனியாகப் படுத்திருந்தாள். கணவர் சவாரிக்குப் போயிருந்தார். நாலு கரண்டி கஞ்சி குடித்துவிட்டுப் போதும் என்றாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன். பாப்பாவுக்குப் பரீட்ச முடிய ரெண்டு மாசத்துக்கு மேல கீது. அதுவரிக்கும் நான் கீறேனா?"

"என்ன பேச்சு பேசறே? அல்சருக்கு யாராவது..."

"தள்ளாதக்கா."

நான் கிண்ணத்தைக் கழுவப் போகிறவள் போல எழுந்துகொண்டேன். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை. நான் நினைத்திருந்தால் போயிருக்கலாம்.

"நான் இருப்பேன்னா அவ அங்கயே படிக்கட்டும். நல்லா படிக்கிற புள்ள. இருக்க மாட்டேன்னா இட்டுகினு வரணும். அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணியும் கேக்க மாட்டேன்."

அந்த நிமிடத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் மனதில் ஓடியது அவளைப் பற்றிய நினைப்பு இல்லை. ஹைவேயில் பைக் ஓட்டிக்கொண்டு போகும் என் மகன்தான் கண்ணுக்குள் வந்தான். நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. ஆனால் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டு, அத்தை கூப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிற காட்சியும் கூடவே வந்தது. இனி நாலு ஞாயிறு இருக்குமா, ஐந்து இருக்குமா?

"கூட்டிட்டு வரச் சொல்லும்மா" என்றேன்.

அவள் புடவையை விட்டாள். "எத்தினி நாளு?" என்றாள்.

"டாக்டர் ஒரு மாசம்னு சொன்னாராம். கூடக் குறைய இருக்கும்."

அழுதாள். நானும் கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும் என்பதை அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அப்போது சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அல்சராம் அல்சரு! இவுங்க நடிப்பப் பாத்து நானும் எத்தினி நாளா நடிச்சிகினு கீறேன்" என்றாள். பிறகு, "அவர ஒண்ணியும் சொல்லாதக்கா. பாவம், பயந்துட்டாரு" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் என் மகனுக்கு மூன்று முறை போன் செய்தேன். ஹெல்மெட் போட்டாயா, சாப்பிட்டாயா, எங்கேயும் வெளியே போகாதே. "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று சலித்துக்கொண்டான். அவன் சலித்துக்கொண்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

மகளைக் கூட்டி வரச் சொல்லி அவள் கேட்டதும், மறுநாள் அவள் கணவர் எங்கள் ஃபிளாட் வாசலுக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், எல்லோரும் பார்க்கக் கத்தினார். "அக்கான்னு நம்பித்தான சொன்னேன்! பெத்த புள்ள மேல சத்தியம் பண்ணியே! பாப்பா பரீட்சயில போச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கு அப்படி நின்று பழக்கம் இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இருபத்து மூன்று நாட்கள். நான் அதில் ஏழெட்டு முறை போனேன். போனபோதெல்லாம், எனக்குச் சர்க்கரை குறைத்து டீ போடச் சொல்லி அவள் மகளை விரட்டுவாள். அந்தக் குறுகலான கட்டிலில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். சில நாள் செல்போனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் போனபோது வாசல் வரை சிரிப்பு கேட்டது. தன் சாவுக்கு எந்தெந்தச் சொந்தக்காரர் வந்து எப்படி அழுவார்கள் என்று அம்மா நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பெண் சிரித்துக்கொண்டே அழுதது. மடியில் கணக்குப் புத்தகம் மூடியே கிடந்தது. முதல் வாரம் வேனிலேயே உட்கார்ந்திருந்த கணவர், பிறகு உள்ளே வந்து கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார். இனி பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு காலையில், மகள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள்.

அந்தப் பெண் பரீட்சை எழுதியது. மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் பெயில். பட்டறையில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் தூக்கமே இல்லை. நீ வந்து பதில் சொல்லுவியா என்று கேட்டாரே, போய்ச் சொல்லத்தானே வேண்டும். இதையும் தள்ளிப்போட்டால் அவளிடம் நான் கற்றது என்ன?

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. மகள் கதவருகில் நின்றாள். நான் அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

"உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னது நான்தாம்மா. நீ அத்தை வீட்டிலேயே இருந்திருந்தா பாஸாகியிருப்பே. என்னாலதான் போச்சு. மன்னிச்சுக்கோ."

அந்தப் பெண் என்னைப் புரியாதது போலப் பார்த்தாள்.

"கணக்குப் பரீட்ச ஜூலைல திருப்பி வெக்கிறாங்க ஆன்ட்டி" என்றாள்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"போயி டீ போடும்மா" என்றார் அவளிடம். "சக்கர கம்மியா போடு. அக்காவுக்கு."